கும்பல் மாமாவும் ஒரே ஒரு மாத்திரையும்

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளைத் தபால் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஒருநாளும் தபால் நிலையத்தில் வேலை பார்த்ததில்லை. ஒரு கம்ப்யூட்டர் சொல்வதை இன்னொரு கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் புரோகிராம்களை எழுதுவது அவள் வேலை. பெரிய மருத்துவமனையின் வார்டுகளில் ஒரு சிஸ்டம், கீழ்த்தளத்து மருந்தகத்தில் வேறொரு கம்பெனியின் சிஸ்டம். ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்காது. இரண்டுக்கும் நடுவில் அவளுடைய புரோகிராம் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது.

"நான் கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கிறவ இல்ல. வாங்கினதை வாங்கினபடி குடுக்கிறவ" என்று அவள் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பேச்சில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் தபால் அக்கா.

தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அரை நிமிடம் கண்ணை மூடுவாள். நீளமான பிரார்த்தனை எல்லாம் தெரியாது. 'கடவுளே, இன்னைக்கு என் கையால யாருக்கும் கெடுதல் வராம பாத்துக்கோ.' அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை கண்ணைத் திறந்தபோது எதிரில் மேலாளர் ஒரு தாளுடன் நின்றிருந்தார். நல்ல மனிதர். ஆனால் மருத்துவமனையிலிருந்து ஒரு போன் வந்தால் போதும், எழுந்து நின்றுதான் பேசுவார். பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் அந்தச் சிறிய கம்பெனிக்கு மருத்துவமனைதான் பெரிய ஆதாரம்.

"சின்ன வேலைதாம்மா. ஒரு கையெழுத்து. மூணு மணிக்கு அங்க ஏதோ விசாரணையாம். அதுக்கு முன்னாடி இந்தக் கடிதம் போயிடணும்."

கடிதத்தில் மூன்றே வரி. போன வியாழக்கிழமை எங்கள் புரோகிராம் தடையில்லாமல் ஓடியது. எந்தப் பிழையும் பதிவாகவில்லை. சம்பந்தப்பட்ட நோயாளியின் தகவலை நாங்கள் அனுப்பியதாகவும் மருந்தகம் பெற்றுக்கொண்டதாகவும் பதிவில் உள்ளது.

அவள் பதிவைத் திறந்து பார்த்தாள். வியாழன் காலை பத்து பன்னிரண்டு. அனுப்பியது: வெற்றி. பெற்றுக்கொண்டது: வெற்றி. மூன்று வரியும் உண்மைதான். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

மேசைமேல் போன் அடித்தது.

"அம்மா, இது கம்ப்யூட்டர் பக்கத்துல ஒட்டியிருக்கிற நம்பர்தானே?" ஒரு பெண்ணின் தயங்கிய குரல்.

எட்டு மாதத்துக்கு முன் மருந்தகத்தின் புதிய சிஸ்டத்தை இணைத்தபோது, வார்டு வார்டாகப் போய் அவள் தன் கையாலேயே ஒட்டிய சீட்டு அது. 'ஏதாவது சந்தேகமா? கூப்பிடுங்கள்.' அன்றிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று அதையும் அவள் பெருமையாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, சொல்லுங்க."

"நான் ஏழாவது வார்டு நர்ஸ். இந்த நம்பர்ல மனுஷங்க யாராவது எடுப்பாங்களான்னு ஒரு சந்தேகம். எடுத்துட்டீங்க. நல்லா இருங்க."

"சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?"

செவிலியர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வியாழக்கிழமை காலை, காலில் ஆறாத புண்ணோடு ஒரு தேனீ வளர்ப்பவர் வந்து சேர்ந்தார். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா என்று செவிலியர் கேட்டார். ஒரே ஒரு மாத்திரை உண்டு என்று அதன் பெயரை அவர் சொன்னார். செவிலியர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். மதியம், அவசரத்தில் இருந்த மருத்துவர் அதே மாத்திரையை எழுதிவிட்டார். ஆபத்து என்றால் மருந்தகத்தின் திரை சிவப்பு காட்டித் தடுத்துவிடும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. திரை சிவப்பு காட்டவில்லை. 'ஒவ்வாமை ஒன்றும் இல்லை' என்று காட்டியது. மாத்திரை போன அரை மணியில் தேனீக்காரருக்கு உதடு வீங்கி மூச்சு அடைத்தது. நல்லவேளை, ஆள் பிழைத்துக்கொண்டார்.

"காலையில ஒவ்வாமையை நான் போடவே இல்லையாம், அவருக்கு மூச்சடைச்சதுக்கு அப்புறம்தான் போட்டேங்கிறாங்க. அப்புறமும் போட்டேன்மா, அது நிஜம். 'மூச்சு அடைக்கும்'னு ஒரு வரி சேத்தேன், அடுத்து பாக்கிறவங்களுக்குத் தெரியட்டுமேன்னு. அதுல நேரம் மாறிப்போச்சு. இப்ப கம்ப்யூட்டர் சாயங்காலம்னு காட்டுது. இருபத்தாறு வருஷ வேலைமா. மறந்துட்டேன்னு சொன்னாக்கூடத் தலையைக் குனிஞ்சு கேட்டுக்குவேன். பொய் சொல்றேன்னு சொல்றாங்களே, அதுதான் நெஞ்சை அடைக்குது."

தபால் அக்கா கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். அந்த மூன்று வரிக் கடிதம் எதற்கு என்று இப்போது புரிந்தது. அது உண்மையைத்தான் சொன்னது. ஆனால் அந்த உண்மையைக் காட்டி இந்த அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிவிடுவார்கள்.

"நான் பாக்கறேன்மா. வார்டுலேருந்து வர்ற ஒவ்வொரு தகவலுக்கும் நாங்க ஒரு நகல் எடுத்து வைப்போம். வியாழக்கிழமை நகல் இருக்கும்."

"பாத்துட்டு, இல்லன்னாலும் இல்லன்னே சொல்லிடுங்க" என்றார் செவிலியர்.

நகல் இருந்தது. பத்து பன்னிரண்டுக்கு வந்த தகவலில் நோயாளியின் பெயர், வயது, படுக்கை எண், புண்ணின் விவரம் எல்லாவற்றுக்கும் கீழே அந்த மாத்திரையின் பெயர் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா போட்டுத்தான் இருக்கிறார். அப்படியென்றால் மருந்தகம் ஏன் ஒன்றும் இல்லை என்றது? அவள் உடனே மருந்தக சிஸ்டத்தின் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். என்ன சொன்னாலும் பந்து மாதிரி நம் பக்கமே திருப்பி அனுப்புவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் சுவர் என்று பெயர்.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க" என்றார் சுவர், அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள்.

"நான் இன்னும் ஒன்னுமே கேக்கலையே சார்."

"எப்படியும் அதைத்தானே கேப்பீங்க."

"இந்த ஆளுக்கு ஒவ்வாமை உண்டுன்னு எங்களுக்கு வந்திருக்கு. உங்ககிட்ட இல்லைன்னு காட்டுது."

"அப்ப நீங்க அனுப்பல. அனுப்பினா காட்டியிருக்கும். நேத்துகூட மூணு ஒவ்வாமை இருக்கிற ஒருத்தருக்கு மூணும் காட்டுச்சு. பாருங்க, பாத்துட்டுச் சொல்லுங்க." போனை வைத்துவிட்டார்.

அவள் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே இருந்தவன் புரோகிராம்களைச் சோதித்துப் பார்ப்பவன். யார் எழுதியதிலும் நாலு குறை எழுதி நீட்டுவதால் குற்றப்பத்திரிகை என்று பட்டப்பெயர் வாங்கியவன்.

"தம்பி, கும்பல் மாமாவைக் கொஞ்சம் எழுப்பு."

கும்பல் மாமா உயிருள்ள ஆள் இல்லை. சோதனைக்காகக் குற்றப்பத்திரிகை உருவாக்கி வைத்த பொய் நோயாளி. எதையும் குறையில்லாமல் சோதிக்க வேண்டும் என்று அவருக்கு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்திருந்தான். நாலு போன் நம்பர், இரண்டு வீடு, ஐந்து வியாதி, மூன்று ஒவ்வாமை, அவரை ஒரே நேரத்தில் பார்க்கும் ஆறு மருத்துவர்கள். எட்டு மாதத்துக்கு முன் புதிய இணைப்பையும் கும்பல் மாமாவை அனுப்பித்தான் சோதித்தார்கள். மூன்று ஒவ்வாமையும் மருந்தகத்தின் சோதனைத் திரையில் சிவப்பாக வந்து நின்றன. அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

"மாமாவுக்கு என்னக்கா குறை? கல்லு மாதிரி இருக்காரு" என்றபடி அனுப்பினான். மூன்றும் சிவப்பு.

"ஒன்னை எடுத்துடு."

"பாவம்க்கா, சம்பாதிச்சு வச்சதை எல்லாம் பிடுங்கறீங்க." ஒன்றை எடுத்துவிட்டு அனுப்பினான். இரண்டு சிவப்பு வரி.

"இன்னொன்னையும் எடு."

ஒரே ஒரு ஒவ்வாமையோடு மாமா கிளம்பிப் போனார். திரை ஒரு கணம் யோசித்தது. 'ஒவ்வாமை ஒன்றும் இல்லை.'

குற்றப்பத்திரிகையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அக்கா" என்றான்.

தன் புரோகிராமைத் திறந்து அந்த இடத்தைத் தேடிப் போனாள். அதிக நேரம் ஆகவில்லை. வார்டு சிஸ்டம் ஒவ்வாமைகளை ஒவ்வொன்றாக அனுப்பும். மருந்தகமோ அவற்றை ஒரே பட்டியலாகக் கட்டித் தரச் சொல்லும். பல கடிதங்களை நூலால் கட்டிக் கொடுப்பது மாதிரி. இரண்டு வந்தால் அவள் புரோகிராம் கட்டியது. பத்து வந்தாலும் கட்டியது. ஒன்றே ஒன்று வந்தால் மட்டும், ஒற்றைக் கடிதத்துக்கு எதற்கு நூல் என்று அப்படியே நீட்டிவிட்டது. அந்தப் பக்கத்தில் கட்டாக வந்தால்தான் வாங்கிக்கொள்வார்கள். நூல் இல்லாத கடிதத்தைப் பிரிக்காமலே ஓரமாக வைத்துவிட்டு, கட்டு எதுவும் வரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். திருப்பியும் அனுப்பவில்லை, சத்தமும் போடவில்லை. இந்தப் பக்கம் வெற்றி, அந்தப் பக்கமும் வெற்றி.

அந்த இடத்தை எழுதியவர் பெயர் மேலேயே இருந்தது. அவள் பெயர்தான்.

அதைத் திருத்த நாலு நிமிடம் ஆனது. ஒன்றாக இருந்தாலும் கட்டு. குற்றப்பத்திரிகை மாமாவை மறுபடி அனுப்பினான். ஒற்றைச் சிவப்பு வரி வந்தது. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. எட்டு மாதமாக வந்த நகல்களில் ஒரே ஒரு ஒவ்வாமை உள்ளவர்களை மட்டும் அவள் பிரித்தெடுத்தாள். இருநூற்றுப் பதினாலு பேர். அதில் பதினொரு பேர் இப்போதும் வார்டுகளில் படுத்திருந்தார்கள். அவர்களுடைய தகவலை உடனே மறுபடி அனுப்பிவிட்டு, சுவருக்குப் போன் போட்டாள்.

"சார், தப்பு எங்களோடது. ஒன்னு மட்டும் வந்தா நாங்க பட்டியலாக் கட்டல."

தவறை யாராவது தானாக ஒத்துக்கொண்டு சுவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

"எங்க சிஸ்டமும் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதுங்க" என்றார், வேறொரு குரலில். "பட்டியலா இல்லன்னா திருப்பி அனுப்பியிருக்கணும். எதுவுமே இல்லன்னு எழுதிக்கிட்டது எங்க தப்பு. அதையும் சேத்துச் சொல்லுங்க."

"எனக்கு ஒன்னுதான் புரியல சார். இருநூறு பேருக்கு மேல. எட்டு மாசம். வேற யாருக்கும் ஒன்னும் ஆகலையே?"

"இருங்க, மருந்தகத்துல கேட்டுச் சொல்றேன்." பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "அங்க ஜன்னல்ல ஒரு மருந்தாளர் அம்மா இருக்காங்களாம். திரை என்ன காட்டினாலும், மருந்து வாங்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் 'நோயாளிக்கு எது ஒத்துக்காது'ன்னு வாயால கேட்டுடுவாங்களாம். கேட்டு, பொட்டலத்து மேல பென்சில்ல எழுதிக் குடுப்பாங்களாம். திரையில பல தடவை விட்டுப்போயிருக்கும், யாரைத் தொந்தரவு பண்றதுன்னு சொல்லல, எப்படியும் நான்தான் கேக்கறேனே அப்படின்னாங்களாம். வியாழக்கிழமை தங்கச்சி பிரசவம்னு லீவு. அவங்களுக்குப் பதிலா வந்தவர் திரையை நம்பிட்டாரு."

தபால் அக்கா போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியாத ஒரு பெண் தினமும் ஜன்னல் வழியாகக் கேட்ட அந்த ஒரு கேள்விதான் இருநூறு பேரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. காலையில் தான் செய்த பிரார்த்தனையை எட்டு மாதமாகக் கடவுள் யார் கையால் நிறைவேற்றிக்கொண்டிருந்தார் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சரி பண்ணிட்டல்ல?"

"பண்ணிட்டேன் சார்."

"அப்ப கடிதத்தைக் குடுத்துடலாமே. அதுல பொய் ஒன்னும் இல்லையே. பதிவுல இருக்கிறதைத்தானே சொல்றோம். மீதியை அப்புறமா மெதுவா எடுத்துச் சொல்லிக்கலாம். ஒப்பந்தம் போச்சுன்னா பன்னெண்டு குடும்பம்மா."

"மெதுவா சொல்றதுக்குள்ள அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க சார். அதுவும் பொய்க்காரின்னு சொல்லி."

மேலாளர் மேசைமேல் இருந்த தாளை எடுத்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

அவள் வெளி வராந்தாவுக்கு வந்து கணவனைக் கூப்பிட்டாள். அவன் பஸ் ஓட்டுநர். சாப்பாட்டு இடைவேளையில் இருந்தான். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். "வேலை போனாலும் போயிடும்" என்றாள்.

"நான் பஸ்ஸை எங்கயாவது இடிச்சா என்ன பண்றேன்? இறங்கிப் போயி எழுதிக் குடுக்கறேன். கண்டக்டர் இடிச்சாருன்னா சொல்றேன்?" என்றான். பிறகு, "பயமா இருக்கா?"

"இருக்கு."

"இருக்கட்டும். போயிட்டு வா. ராத்திரிக்கு நான் சமைச்சு வைக்கறேன்."

"அது வேறயா? அதை நினைச்சா இன்னும் பயமா இருக்கு."

அவன் சிரித்தது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே போய் நகலை அச்செடுத்தாள். தேனீக்காரரின் தகவல் ஒரு தாள். பதினொரு பேரின் பட்டியல் ஒரு தாள். பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மேலாளர் கார் சாவியோடு நின்றார்.

"பஸ்ல போனா மூணு மணிக்கு மேல ஆயிடும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஏறு. அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

விசாரணை அறையில் நீளமான மேசையின் ஒரு பக்கத்தில் மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் இரண்டு அதிகாரிகளும் இருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் குள்ளமாக ஓர் அம்மா, சீருடையோடு, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவரும் இல்லை. தபால் அக்கா போய் அதில் உட்கார்ந்தாள்.

"கடிதம் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் கண்காணிப்பாளர்.

"கடிதம் இல்ல சார். நான் வந்திருக்கேன்." அச்சடித்த தாளை நகர்த்தி வைத்தாள். "வியாழக்கிழமை காலை பத்து பன்னெண்டுக்கு இவங்க போட்டது இது. மூச்சடைக்கிறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடி. மாத்திரை பேரு இதுல இருக்கு. இதைக் கொண்டுபோய்ச் சேக்காம விட்டது எங்க புரோகிராம். எழுதினது நான்."

கண்காணிப்பாளர் தாளைக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். "புரியற மாதிரி சொல்லுங்க. நான் டாக்டர், கம்ப்யூட்டர் ஆள் இல்ல."

அவள் மேசைமேல் இருந்த காகிதங்களில் நாலைந்தை எடுத்துக் கிளிப் போட்டு அவர் பக்கம் வைத்தாள். "மருந்தகம் கிளிப் போட்டு வந்தாத்தான் எடுத்துக்கும். நிறைய இருந்தா நான் கிளிப் போட்டேன்." பிறகு தனியாக ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "ஒன்னே ஒன்னுன்னா போடல. அவங்களும் அதைக் கீழ போட்டுட்டாங்க, நானும் திரும்பிப் பாக்கல. நாங்க எப்பவும் நிறைய வியாதி உள்ள ஆளை வச்சேதான் சோதிச்சுப் பாத்தோம் சார். ஒன்னே ஒன்னு உள்ளவங்க ஞாபகமே எங்களுக்கு வரல."

"எங்க ஒப்பந்தத்தை நீங்க மறுபடி யோசிக்க வேண்டி வரும், தெரியும்" என்றார் பின்னால் நின்ற மேலாளர். "ஆனா அவங்க சொல்றது சரி."

"யோசிக்கத்தான் போறோம்" என்றார் கண்காணிப்பாளர். அவர் குரலில் கடுமை இருந்தது. பிறகு செவிலியர் பக்கம் திரும்பினார். எழுந்து நின்றார். "சிஸ்டர், நாங்க சொன்ன வார்த்தை தப்பு. மன்னிச்சுக்கோங்க."

செவிலியரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டார். ஆனால் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது நன்றியும் இல்லை, வருத்தமும் இல்லை.

"அது இருக்கட்டும் சார்" என்றவர் தபால் அக்காவைப் பார்த்தார். "அப்ப மத்தவங்கம்மா? தேனீக்காரர் மாதிரி ஒன்னே ஒன்னு உள்ளவங்க வேற யாராவது இப்ப வார்டுல இருக்காங்களா?"

தபால் அக்கா இரண்டாவது தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "தேனீக்காரரோட சேத்துப் பதினொரு பேர். எல்லாத்தையும் திரும்ப அனுப்பிட்டேன். இப்ப திரையில சரியாக் காட்டும். இருந்தாலும் என் புரோகிராமை நம்பாம, வாயால ஒரு தடவை கேட்டுட்டா நல்லதுன்னு தோணுச்சு."

"வாங்க" என்று செவிலியர் எழுந்துவிட்டார். "நான் கேக்கறேன், நீங்க எழுதுங்க."

முதல் படுக்கை தேனீக்காரருடையது. உதடு இன்னும் லேசாக வீங்கியிருந்தது. செவிலியரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"சிஸ்டர், உங்களுக்கு வேலை போயிடும்னு சொன்னாங்க. நீங்க ரெண்டு தரம் கேட்டீங்கன்னு யார்கிட்ட வேணாலும் வந்து சொல்றேன். என்னை யாரும் கூப்பிடவே இல்ல."

"போகலைங்க. இவங்க வந்து சொல்லிட்டாங்க."

"இவங்க யாரு?"

"உங்களுக்கு மாத்திரை கொடுக்க வச்சவ நான்தாங்க" என்றாள் தபால் அக்கா. "என் தப்பு. மன்னிச்சிடுங்க."

தேனீக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"முப்பது வருஷத்துல என்னை ஆயிரம் தேனீயாவது கொட்டியிருக்கும்மா. ஒன்னு கூட வந்து மன்னிப்புக் கேட்டதில்ல" என்றார்.

செவிலியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் அங்கிருந்து அடுத்த வார்டுக்கு, பிறகு மாடிக்கு, படுக்கை படுக்கையாகப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் செவிலியர் கட்டிலின் விளிம்பில் கை வைத்துக் குனிந்து கேட்டார். தபால் அக்கா எழுதினாள். நடுவில் குற்றப்பத்திரிகையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'ஒத்தை மாமான்னு புதுசா ஒருத்தரை உண்டாக்கிட்டேன் அக்கா. எல்லாமே ஒன்னே ஒன்னு. இனிமே முதல்ல அவர்தான் போவார்.'

பதினோராவது, ஜன்னல் ஓரப் படுக்கையில் படுத்திருந்த ஒரு தையல்காரப் பெண். கேள்வியைக் கேட்டதும் கூச்சத்தோடு கையை ஆட்டினாள்.

"எனக்கு ஒன்னே ஒன்னுதாங்க. அதைப் போய் எதுக்கு எழுதிக்கிட்டு."

தபால் அக்கா நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றாள். "அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன்."